படமும் சீட்டும்: பறவைப் படத் தொகுப்புகளில் சான்று, தீர்ப்பு, பொறுப்பு

1. வழக்கு

ஒரு பறவையைப் பார்த்தேன் என்று சொல்பவரை எதைக் கொண்டு நம்புவது? பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பறவையியல் இதற்குத் துப்பாக்கியால் பதில் சொன்னது. சுட்டு வீழ்த்தி, தோலைப் பாடம் செய்து, காலில் ஒரு சீட்டைக் கட்டி, அருங்காட்சியக இழுப்பறையில் வைத்தால்தான் அது பதிவு. இன்று அந்த இடத்தைப் பெருமளவு ஒளிப்படம் பிடித்துக்கொண்டது. எடுப்பவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆய்வாளர்கள் அல்லர். ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்றவர் என்று பலரும் தம் செலவில் எடுத்துத் தாமாகவே தளங்களில் ஏற்றுகிறார்கள். அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான படங்கள்மீதுதான் இன்றைய பறவை அடையாளத் தளங்களும் செயலிகளும் நிற்கின்றன.

இந்தத் தொகுப்புகளைப் பற்றி இரண்டு கருத்துகள் புழங்குகின்றன. படம் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை என்பது ஒன்று. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றால் அது குப்பைக்கிடங்காகத்தான் ஆகும் என்பது மற்றொன்று. முதலாவது படத்தை அளவுக்கு மீறி நம்புகிறது. இரண்டாவது மக்களை அளவுக்கு மீறிச் சந்தேகிக்கிறது. இரண்டுமே படத்தின் மேல்தான் கண்ணை வைக்கின்றன. படத்தோடு சேர்ந்து வரும் தகவலையும் அது காலப்போக்கில் மாறிய விதத்தையும் ஒரு தொகுப்பு எவ்வாறு காப்பாற்றுகிறது என்பதில்தான் அதன் நம்பகத்தன்மை இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. தோல் மெய், சீட்டு பொய்

இந்த வாதத்துக்கு முதல் சாட்சி, படத்துக்கு முந்தைய காலத்திலேயே இருக்கிறது. ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி தம் காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட பறவைச் சேகரிப்பாளர். மத்திய இந்தியாவுக்கே உரிய வனச் சிற்றாந்தையின் தோல் ஒன்று அவர் சேகரிப்பில் இருந்தது. 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் எடுத்ததாகச் சீட்டு சொன்னது. பமேலா ராஸ்முசெனும் நைஜல் காலரும் அதை ஆராய்ந்து, 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்த தோலைத் திருடி, மறுபடி பாடம் செய்து, வேறு சீட்டுக் கட்டியது என்று நிறுவினர். பொய்யான அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, மெய்யான பழைய சீட்டுகள் காட்டிய பகுதிகளில் தேடியபோது, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அந்த ஆந்தை உயிரோடு கிடைத்தது. 1884-க்குப் பிறகு அதுவே ஐயத்துக்கு இடமற்ற முதல் பதிவு.

இங்கே தோல் உண்மையான பறவையின் தோல்தான். எந்த நிபுணர் பார்த்தாலும் வனச் சிற்றாந்தை என்றே சொல்லியிருப்பார். பொய் முழுவதும் சீட்டில் இருந்தது. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்து அரிய பறவைகள் விவகாரமும் இதே வகை. அங்கே பல ஆண்டுகளாகச் சேர்ந்த அரிய பறவைப் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று 1962-இல் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழ் ஆய்ந்து தள்ளியது. பறவைகள் மெய்யானவை, அவை அங்கே கிடைத்தன என்பதே கேள்விக்குள்ளானது. தொகுப்பை ஆள்பவர் அடையாளத்தை மட்டும் சரிபார்த்தால் போதாது என்பது தோல் காலத்திலேயே தெரிந்துவிட்ட பாடம்.

3. நான்கு ஆட்சிமுறைகள்

மக்கள் தரும் படங்களை நிர்வகிக்க இன்று நான்கு முறைகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, பதிப்பாசிரியர் முறை. ஸ்பெயினின் லிங்க்ஸ் எடிசியோன்ஸ் பதிப்பகம் நடத்திய இன்டர்நெட் பேர்ட் கலெக்‌ஷன், ஓரியண்டல் பேர்ட் கிளப்பின் ஓரியண்டல் பேர்ட் இமேஜஸ் ஆகியவை இவ்வகையின் நல்ல எடுத்துக்காட்டுகள். அறிந்தவர் சிலர் பார்த்து ஒழுங்குபடுத்துவதால் பிழை குறைவு. ஆனால் அந்தச் சிலரின் நேரமே தொகுப்பின் எல்லை. படங்கள் ஆயிரமாக வந்த காலத்துக்கு ஏற்ற முறை, லட்சமாக வரும்போது மூச்சுத் திணறுகிறது.

இரண்டாவது, வாக்கு முறை. 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் இதைப் பின்பற்றுகிறது. படம், நாள், இடம் மூன்றும் இருந்து, குறைந்தது இருவர் அடையாளம் சொல்லி, அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தில் ஒத்துப்போனால் அப்பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். ஒருவர் மறுத்தால் பெயர் பின்வாங்கி, பேரினத்தில் போய் நிற்கலாம். கருத்து மாற்றங்கள் அனைத்தும் பெயர்களோடு திறந்தே இருக்கும். குறை என்னவென்றால், படம் ஏற்றியவர் தனக்குத் தெரியாத இனத்தை, அறிந்தவர் ஒருவர் சொன்னார் என்பதற்காகவே ஆமோதித்துவிடுகிறார். கணக்கில் இரண்டு வாக்கு. உண்மையில் ஒரே தலை.

மூன்றாவது, மதிப்பாய்வாளர் முறை. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் இதற்கு உதாரணம். அதில் ஏற்றும் படங்கள் கார்னெலின் மேக்காலே நூலகத்தில் சேர்கின்றன. ஒவ்வொரு படமும் ஒரு பறவைப் பட்டியலின் உறுப்பாகவே வருகிறது. எனவே நாள், இடம், எடுத்தவர், அன்று உடன் கண்ட பறவைகள் என்று எல்லாமும் கூடவே இருக்கும். வட்டாரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப அமைத்த வடிகட்டியைத் தாண்டும் பதிவுகளைத் தன்னார்வ மதிப்பாய்வாளர்கள் பார்த்து, தேவைப்பட்டால் பதிவு செய்தவரிடம் விளக்கம் கேட்பார்கள். பெயரை மாற்றும் உரிமை பதிவு செய்தவரிடம். அப்பதிவைப் பொதுத் தரவில் சேர்ப்பதா என்ற தீர்ப்பு மதிப்பாய்வாளரிடம். இந்த அதிகாரப் பிரிப்பு பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வடிகட்டி, அரிதானவற்றைத்தான் நிறுத்தும். சாதாரணப் பெயர் சூட்டி ஏற்றிய அரிய பறவை, யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடும்.

நான்காவது, விக்கிமீடியா பொதுவகத்தின் திருத்தர் முறை. யாரும் திருத்தலாம், யாரும் எதிர்க்கலாம், பழைய வடிவம் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கும். வெளிப்படைத்தன்மையில் இதை மிஞ்ச முடியாது. எனினும் நாளும் இடமும் இல்லாத படத்தை இது தடுப்பதில்லை. அழகான படம், தகவல் வறுமையோடு, பல மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பரவிவிடுகிறது.

இந்நான்கில் எது சிறந்தது என்று கேட்பது பயன் தராது. பிழை எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால், எந்த முறை எந்த வாசலைக் காக்கிறது என்பது தெளிவாகும்.

4. பிழை நுழையும் வாசல்கள்

முதல் வாசல், நாளும் இடமும். மின்கலம் தீர்ந்து மறுபடி உயிர்பெற்ற கேமராவில் கடிகாரம் தொடக்க நாளுக்குப் போயிருக்கும். வெளிநாடு போய் வந்தவரின் கேமரா அந்நாட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊர்களில் இன்னொன்றும் உண்டு: படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் தனக்குள் பொதிந்த நாள், இடத் தகவலை இழந்துதான் வந்து சேரும். பிறகு யாரோ ஒருவர் நினைவிலிருந்து அதை நிரப்புகிறார். படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்தப் பிழை தெரியாது.

இரண்டாம் வாசல், பெயர் பிரியும்போது திறக்கிறது. கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் குளிர்காலத்தில் கூட்டமாகத் தங்கும் சின்ன மணல் உப்புக்கொத்தியை அண்மை ஆண்டுகளில் வகைப்பாட்டாளர்கள் திபெத்திய இனம், சைபீரிய இனம் என இரண்டாகப் பிரித்தனர். இனப்பெருக்கக் கோலத்தில் நெற்றிக் கறுப்பையும் வெள்ளையையும் வைத்துச் சொல்லிவிடலாம். குளிர்காலச் சாம்பல் கோலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. ஆக, பழைய படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதுப் பெயர் சூட்டப் படம் உதவாது, இடம்தான் உதவும். தெற்காசியக் கரைகளில் குளிர்காலத்தில் வழக்கமாக வருவது திபெத்திய இனம் என்பதால், இடமுள்ள படங்கள் தப்பித்தன. இடமில்லாத படம் எத்தனை தெளிவாக இருந்தாலும், பெயரின்றி நிற்கிறது.

மூன்றாம் வாசலைக் காண ஒரு கணக்குப் போதும். ஒரு பேச்சுக்கு, பரவலாகக் காணும் ஓர் இனத்தின் படங்கள் 10,000 இருப்பதாகவும், அவற்றில் நூற்றுக்கு ஒன்று தவறுதலாக அதைப் போன்ற அரிய இனத்தின் பெயரில் ஏறிவிட்டதாகவும் கொள்வோம். அரிய இனத்தின் மெய்யான படங்கள் 20 என்றால், அதன் பெயரில் இருக்கும் 120 படங்களில் 100 தவறு. பொதுவினத்தின் தொகுப்பில் 99 விழுக்காடு துல்லியம் என்று பெருமை பேசும் அதே தளம், அரிய இனத்தின் பக்கத்தில் ஆறில் ஐந்து பங்கு பொய் வைத்திருக்கும். மொத்தத் துல்லியத்தை ஒரே எண்ணில் சொல்லும் தளங்களை நம்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஈபேர்டின் வடிகட்டி காப்பது இந்த வாசலைத்தான். பொங்கல் நாட்களில் ஆண்டுதோறும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பின்போது புதியவர்கள் பெருமளவில் வந்து சேர்கிறார்கள். அவ்வேளையில் மதிப்பாய்வாளர்களின் சுமை ஏறுவதும் இந்த வாசலில்தான்.

நான்காம் வாசலைத் திறந்தது எந்திரம். ஐநேச்சுரலிஸ்ட் 2017 முதல் படத்தைப் பார்த்துப் பெயர் பரிந்துரைக்கிறது. கார்னெலின் மெர்லின் செயலியும் படத்திலிருந்து பெயர் சொல்லும். இரண்டும் கற்றது மக்கள் தந்த படங்களிலிருந்து. எந்திரம் சொன்ன பெயரை ஒருவர் ஏற்று, மற்றொருவர் ஆமோதித்து, அப்படம் அடுத்த பயிற்சிக்குப் போனால், எந்திரம் தன் பழைய ஊகத்தையே மனிதத் தீர்ப்பு என்று எண்ணிப் படிக்கும். பெயரை முதலில் சொன்னது மனிதரா எந்திரமா என்ற குறிப்பு படத்தின் தகவலில், அதாவது அதன் சீட்டில், இருந்தால் மட்டுமே இந்தச் சுழலை அறுக்க முடியும்.

5. எதற்கான தரம்?

மேக்காலே நூலகத்தில் படங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கலாம். தெளிவு, ஒளி, அளவு ஆகியவற்றுக்குத்தான் நட்சத்திரமே தவிரப் பறவையின் அருமைக்கு அல்ல என்று வழிகாட்டுதலும் இருக்கிறது. எனினும் நட்சத்திரம் அளப்பது பார்வைக்கு இனிமையை; சான்றின் வலிமையை அளப்பதில்லை. இவ்விரண்டும் வேறு வேறு என்பதற்கு உள்ளான்கள் நல்ல உதாரணம்.

விசிறிவால் உள்ளானும் ஊசிவால் உள்ளானும் நம் சதுப்புகளிலும் வயல்களிலும் குளிர்காலத்தில் வருபவை. தரையில் அமர்ந்திருக்கும்போது இரண்டையும் பிரிப்பது வல்லவர்க்கும் கடினம். பறக்கும்போது விசிறிவாலின் சிறகின் பின்விளிம்பில் தெளிவான வெள்ளைக்கோடு தெரியும். ஊசிவாலுக்கு வாலை விரிக்கும்போது ஓரத்தில் ஊசிபோன்ற மெல்லிய இறகுகள் தெரியும். எனவே காலை வெயிலில் சேற்றில் நிற்கும் பறவையின் ஐந்து நட்சத்திரப் படம் எந்த இனம் என்று சொல்லாது. எழும்பிப் பறந்த நொடியில் அடித்த, கலங்கிய ஒரு நட்சத்திரப் படம் சொல்லிவிடும். நட்சத்திர வரிசையில் தேடும் வாசகர் முதலில் காண்பதோ ஐந்து நட்சத்திரப் படத்தை. கேமராவின் பின்திரையைக் கைபேசியால் எடுத்து அவசரமாக ஏற்றும் படங்களும் இப்படித்தான்: கண்ணுக்கு மட்டமானவை, வழக்கில் உறுதியானவை. இரண்டு அளவுகோல்களையும் தனித்தனியே வைப்பதே முறை.

பிரிக்க முடியாத படத்தை என்ன செய்வது? 'விசிறிவால் அல்லது ஊசிவால்' என்று இருபெயரில் பதிய ஈபேர்ட் இடம் தருகிறது. புதியவர்கள் இதைத் தோல்வியாக நினைத்துத் தவிர்க்கிறார்கள். ஆனால் நிச்சயமின்மையைச் சரியான அளவில் சொல்வதுதான் அறிவியலின் ஒழுக்கம். ஒரு தொகுப்பின் ஆரோக்கியத்தை அதில் இத்தகைய பதிவுகள் இருப்பதைக் கொண்டே மதிக்கலாம்.

எது சேர்கிறது என்பதிலும் சாய்வு உண்டு. அழகிய ஆண்பறவை, முழு வளர்ந்த கோலம், அரிய வருகையாளர் என்றால் படம் குவியும். காகமும் மைனாவும், பெண்பறவைகளும், குஞ்சுகளும், இறகுதிர்க்கும் காலத்துக் கந்தல் கோலங்களும் குறைவாகவே கிடைக்கும். அடையாளம் காண்பதில் மக்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கந்தல் கோலங்களில்தான். ஓர் அரிய பறவை ஓர் ஏரியில் இறங்கினால் நூறு பேர் போய் அதே பறவையை எடுக்கிறார்கள். தொகுப்பில் நூறு படம் ஏறும். சாட்சியோ ஒரே பறவை. அந்த நூறில் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைத் தேர்வுக்கும் வைத்தால், எந்திரம் விடை தெரிந்த தேர்வைத்தான் எழுதுகிறது.

எந்திரப் பயிற்சிக்கான தொகுப்புகளைப் பற்றி கிராண்ட் வான் ஹார்னும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. 555 வகைகளில் 48,562 படங்களைப் பறவை ஆர்வலர்களின் உதவியோடு தொகுத்த அவர்கள், அதுவரை எல்லோரும் பயன்படுத்திய 200 இனங்களின் தொகுப்பில் குறைந்தது 4 விழுக்காடு பெயர்ப் பிழை இருப்பதாகக் கண்டனர். நுணுக்கமான அடையாளப் பணியில், இணையத்தில் கூலிக்கு அமர்த்திய பொதுவான தொழிலாளரைவிடப் பறவை ஆர்வலர்கள் சிறந்தவர்கள் என்றும் காட்டினர். 'யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றால் குப்பை' என்ற கருத்துக்கு இது நேரடி மறுப்பு. பயிற்சியில் சிறிது பிழை இருந்தாலும் எந்திரம் தாங்கிக்கொள்ளும் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் இந்த ஆறுதலை எந்திரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பரவல் வரைபடத்தில் ஓர் அரிய இனத்தின் எல்லையை நகர்த்த ஒரே தவறான படம் போதும்.

6. எல்லாவற்றையும் காட்டலாமா?

தகவல் முழுமையாக இருக்க வேண்டும் என்று வாதிட்டுவிட்டு, அதை மறைப்பது பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் காப்பதும் காட்டுவதும் ஒன்றல்ல. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். கூட்டில் எடுத்த நெருக்கப் படத்துக்கு நட்சத்திரமும் பாராட்டும் கிடைத்தால், அடுத்தவரும் அங்கேயே போவார். ஆகவே கூட்டுப் படங்களை எப்படி நடத்துவது என்பது தளத்தின் நன்னெறிக் கேள்வி. நட்சத்திர முறையைத் தொடாமல் அதற்கு விடை காண முடியாது.

கள்ளச்சந்தைக்கும் தொந்தரவுக்கும் இலக்காகும் இனங்களின் துல்லிய இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து நீக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஈபேர்ட் அவற்றை 20 கிலோமீட்டர் கட்டங்களாக மட்டுமே காட்டுகிறது. ஐநேச்சுரலிஸ்ட் 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் குறிக்கிறது. நம் அட்சரேகையில் அது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். இரண்டிலும் உண்மையான இடம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஓட்டை வேறிடத்தில்: படத்தின் பின்னணியில் ஒரு கோயில் கோபுரமோ அணையோ தெரிந்தால் ஊர்க்காரருக்கு இடம் புரிந்துவிடும். அதே நபர் அதே காலையில் பதிந்த மற்றப் பறவைகளின் இடங்களும் காட்டிக்கொடுக்கும். வரைபடத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டுப் படத்தை மறந்துவிடுவது பாதி வேலை.

7. உரிமையும் ஆயுளும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. தளங்களில் ஏற்றுபவர் உரிமையைக் கைவிடுவதில்லை, பயன்படுத்த அனுமதிதான் தருகிறார். அந்த அனுமதியின் வகை சிறிய தொழில்நுட்ப விவரமாகத் தெரிந்தாலும் விளைவு பெரியது. ஐநேச்சுரலிஸ்டில் இயல்பாக அமையும் உரிமம் வணிகப் பயன்பாட்டை விலக்குவது. விக்கிமீடியா பொதுவகமோ அத்தகைய உரிமத்தை ஏற்பதில்லை. அதனால் தமிழ்நாட்டில் எடுத்து ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றிய ஒரு படம், எடுத்தவர் தனியாக உரிமத்தை மாற்றினாலொழிய, தமிழ் விக்கிப்பீடியாவின் பறவைக் கட்டுரைக்கு வர முடியாது. ஏற்றும்போதே இதைத் தாய்மொழியில், தெளிவான சொற்களில் கேட்கும் தளம் அரிது.

தளங்களுக்கும் ஆயுள் உண்டு. இன்டர்நெட் பேர்ட் கலெக்‌ஷனின் படங்கள் 2020-இல் மேக்காலே நூலகத்துக்குப் பெயர்ந்தன. அவை அழியாமல் தப்பியதற்கு ஏற்கும் நிறுவனம் ஒன்று இருந்ததே காரணம். பிளிக்கர் 2018-இல் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்று வரம்பு வைத்தபோது, திறந்த உரிமத்தில் இருந்த படங்களை விட்டுவைத்தது. எடுத்தவர் என்றோ தேர்ந்த உரிமமே அப்படங்களுக்குக் காப்பாக அமைந்தது. தன் மறைவுக்குப் பின் இப்படங்கள் யாரிடம் போகும் என்று ஒவ்வொரு தளமும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

8. முடிவாக

942 இனங்களை மதிப்பிட்ட 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளை அடித்தளமாகக் கொண்டது. இந்நாட்டுப் பறவைகள் பெருகுகின்றனவா குறைகின்றனவா என்ற கேள்விக்கு இன்று நமக்குக் கிடைக்கும் பதிலின் பெரும்பகுதி ஆர்வலர்களின் உழைப்பு. அந்த உழைப்பைக் குப்பை என்று தள்ளுவது அறியாமை. அதைச் சரிபாராமல் ஏற்பதோ அவ்வுழைப்புக்கே செய்யும் அவமதிப்பு.

மேலே கண்டவற்றிலிருந்து ஐந்து நெறிகள் தேறுகின்றன. நாளும் இடமும் இல்லாத படத்தை அடையாளச் சான்றாக எண்ணக்கூடாது. அழகுக்கும் சான்றுக்கும் தனித்தனி மதிப்பீடு வேண்டும். ஒவ்வொரு பெயரையும் யார் சொன்னது, மனிதரா எந்திரமா, எப்போது மாற்றப்பட்டது என்ற வரலாறு அழியாமல் இருக்க வேண்டும். துல்லியத்தை மொத்த எண்ணாகச் சொல்லாமல், இனவாரியாக, குறிப்பாக அரிய இனங்களுக்குச் சொல்ல வேண்டும். உண்மையான இடத்தை உள்ளே காத்து, வெளியே தேவையான அளவு மட்டும் காட்ட வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. மதிப்பாய்வு செய்யும் தன்னார்வலர்களின் நேரம்தான் தேவை. ஆனால் படம் ஏற்றுபவர்களுக்கு வரிசைப்பட்டியலும் நட்சத்திரமும் தரும் தளங்கள், தவறைக் கண்டு திருத்துபவர்களுக்குத் தருவது மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு சரியாகாதவரை, படங்களின் எண்ணிக்கை கூடக்கூடச் சீட்டுகளின் தரம் குறைந்துகொண்டே போகும். எனவே ஒரு தொகுப்பை மதிப்பிட விரும்பும் வாசகர் எத்தனை படங்கள் உள்ளன என்று கேட்க வேண்டியதில்லை. அதிலுள்ள ஒரு படத்தைத் தேர்ந்து, ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதற்கு என்ன பெயர் இருந்தது, அதை யார், என்ன காரணத்தால் மாற்றினார் என்று கேட்டுப் பார்த்தால் போதும். பதில் கிடைக்கும் தொகுப்பு ஆவணக்காப்பகம். கிடைக்காதது, எவ்வளவு அழகாக இருந்தாலும், படக்கண்காட்சிதான்.